பங்கசுக்கு "ஏதாவதொரு கிறீம்" போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் வாரப் பதிப்பின் வாசகர் கேள்வி பதில் பகுதியில், இடுப்பிலே படர்தாமரை வந்து அவதிப்படுவதாக எழுதியிருந்த ஒருவருக்கு, "பங்கசு எதிர்ப்புக் கிறீம் ஏதாவதொன்றை வாங்கிப் பூசி வாருங்கள், குணமாகும்" என்று ஒரே வரியில் பதில் அளிக்கப்பட்டிருந்ததை வாசித்தேன். பதில் எழுதியவர் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனாலும் அந்த "ஏதாவதொன்று" என்ற சொல் எத்தனை பேரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை மருந்து மேசைக்குப் பின்னால் நின்று நாள்தோறும் பார்ப்பவன் என்ற முறையில், சற்று விரிவாகவே எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளில் 30 வருடங்களுக்கு மேல் மருந்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்ற நான், இப்போது மாலை வேளைகளில் உறவினர் ஒருவரின் பாமசியில் நிற்கிறேன். ஐப்பசியில் மழை தொடங்கியதிலிருந்து மாசி அறுவடை முடியும் வரை ஈரச் சாரத்தோடும் சேற்றுக் காலோடும் வேலை செய்கிறவர்கள், பிறகு சித்திரை வெயிலில் வியர்வை காயாமல் திரிகிறவர்கள், வாவியில் விடியும் வரை வலையோடு நிற்கிறவர்கள் என்று எங்கள் பக்கத்தில் தோலில் பங்கசு, அதாவது பூஞ்சை, பிடிக்காத குடும்பத்தைக் காண்பதே அரிது. அவர்கள் வந்து கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "ஐயா, பங்கசுக்கு நல்ல கிறீம் எது?" இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது என்பதை விளங்கப்படுத்துவதற்குள் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றுவிடுவார்கள்.

கடந்த வருடம் படுவான்கரையிலிருந்து வந்த ஓர் இளம் விவசாயி, சட்டைப் பையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து மேசையில் வைத்தார். பற்பசை தீர்ந்துபோகும்போது சுருட்டுவதைப் போல வால் பக்கம் இறுகச் சுருட்டப்பட்டு, எழுத்துகள் பாதி அழிந்திருந்தது. "இதுதான் வேணும். பூசினா ரெண்டு நாளில கடி நிண்டுரும், விட்டா திரும்ப வருது" என்றார். கடி என்று அவர் சொன்னது அரிப்பை. எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்று கேட்டேன். ஐந்து மாதமாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிறிய எழுத்துகளை வாசித்தேன். மைக்கோனசோல் என்ற பங்கசு மருந்து அதில் இருந்தது உண்மைதான். அதோடு நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும், குளோபெற்றசோல் என்ற ஸ்டீரொயிட்டும் சேர்ந்திருந்தன. திரைக்குப் பின்னால் அழைத்துச் சென்று பார்த்தபோது, தொடையிடுக்கில் தொடங்கியது இடுப்பைச் சுற்றி வளைத்து முதுகு வரை ஏறியிருந்தது. படர்தாமரைக்கே உரிய அந்தச் சிவந்த வட்ட ஓரம் மங்கி, வேறு ஏதோ தோல் வருத்தம் போலத் தோற்றமளித்தது. தொடையின் உட்பக்கத் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற பெண்ணின் வயிற்றில் விழுவது போன்ற ஊதா நிறக் கோடுகள் விழுந்திருந்தன. பங்கசைப் பின்னர் குணப்படுத்திவிடலாம். அந்தக் கோடுகள் ஆயுளுக்கும் மறையப்போவதில்லை.

பூசும் ஸ்டீரொயிட்டுகளிலே ஆக வீரியம் கூடிய வகுப்பைச் சேர்ந்தது குளோபெற்றசோல். அது பங்கசை ஒன்றும் செய்வதில்லை. பங்கசை எதிர்த்து உடம்பு எழுப்புகிற சிவப்பையும் கடியையும் மட்டுமே அது அடக்குகிறது. வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, குரைப்புச் சத்தம் இல்லை, ஆகவே கள்ளனும் இல்லை என்று நித்திரைக்குப் போவதைப் போன்றது இது. கடி நின்றதும் நோயாளி பூசுவதை விட்டுவிடுகிறார், தடையின்றி வளர்ந்திருக்கும் பங்கசு மறுபடி கிளம்புகிறது, அவர் அதே டியூப்பைத் தேடி வருகிறார். இப்படி உருமாறிப்போன படர்தாமரையை அடையாளம் காண்பது தோல் நோய் நிபுணருக்கே சில வேளைகளில் சிரமம். சுரண்டியெடுத்த செதில்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமல் இத்தகைய டியூப்பைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டீரொயிட் கலக்காத மருந்துகளுக்கிடையிலும் வேறுபாடு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வைத்தியசாலைகளில் தாராளமாகக் கொடுக்கப்பட்டது விட்பீல்ட் களிம்பு. 6 கிராம் பென்சோயிக் அமிலத்தையும் 3 கிராம் சலிசிலிக் அமிலத்தையும் நிறுத்தெடுத்து, கண்ணாடிப் பலகையில் களிம்புத் தளத்தோடு கட்டி தட்டாமல் தேய்த்து 100 கிராமாக்குவோம். பிசகினால் களிம்பு மணல் போல நறநறவென்றிருக்கும், நோயாளி மறுநாளே திரும்பி வந்து ஏசுவார். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற மருந்து அது. மேல்தோலை உரித்து அதோடு பங்கசையும் கழற்றுவது அதன் வேலை. கால், முதுகு போன்ற தடித்த தோலுக்கு மலிவான, நல்ல மருந்து. தொடையிடுக்கிலும் முகத்திலும் பூசினால் எரிச்சலில் துள்ள வேண்டியதுதான்.

அதன் இடத்தைப் பிடித்தவை 1 வீத குளோட்ரிமசோலும் 2 வீத மைக்கோனசோலும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைவிட மற்றது மேல் என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்து நியாயமில்லை. படர்தாமரை, தேமல், கண்டிடா என்ற மதுவம் (ஈஸ்ட் வகைப் பங்கசு) ஆகிய மூன்றிலும் வேலை செய்வது இவற்றின் பலம். பங்கசின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவதே பெரும்பாலும் இவற்றின் செயல் என்பதால், தோல் பார்வைக்குக் குணமான பின்னரும் இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து பூச வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் தவறவிடுவது இந்த இரண்டு வாரத்தைத்தான். 1 வீத டெர்பினபின் கிறீம் படர்தாமரைப் பங்கசைத் தடுப்பதோடு நில்லாமல் கொன்றும்விடுகிறது. ஆகவே ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் வேலை முடியலாம். டியூப்பின் விலை கூடுதலென்றாலும், நாலு வாரம் ஒழுங்காகப் பூசமாட்டேன் என்று தன்னைத் தானே அறிந்தவருக்கு அதுவே கைக்கு அடக்கமான செலவு. ஆனால் மதுவத்துக்கு அது அவ்வளவு உகந்ததல்ல. சீனி வருத்தமுள்ள தாய்மாருக்கு மார்பின் கீழும் வயிற்று மடிப்பிலும் சிவந்து, அவிந்து, ஓரத்தில் சிறு பருக்களோடு வருவது பெரும்பாலும் மதுவமே. அதற்குக் குளோட்ரிமசோலோ நிஸ்டட்டின் கிறீமோதான் பொருத்தம். எதைப் பூசினாலும் வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்றிமீற்றர் அளவுக்கு நல்ல தோலிலும் பூச வேண்டும், ஏனென்றால் பங்கசு கண்ணுக்குத் தெரியாமல் அங்கே முன்னேறிக்கொண்டிருக்கும். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அவருக்கும் சேர்த்தே மருந்து செய்ய வேண்டும். ஒரே துவாயை ஐந்து பேர் பாவிக்கும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து வாங்குவது வீண் செலவு.

டெர்பினபினை நம்பியிருக்கும் காலமும் சுருங்கி வருகிறது. அதற்குக் கட்டுப்படாத ஒரு பங்கசு இனத்தை இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்ற நோயாளிகளிடம் கண்டறிந்து, 2020ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோபைற்றன் இன்டோடினியே என்று பெயரிட்டார்கள். இப்போது அது வேறு பல நாடுகளிலும் காணப்படுகிறது. இந்தியாவில் அது பெருகியதற்கு, நான் மேலே சொன்ன ஸ்டீரொயிட் கலவை டியூப்புகளின் கட்டற்ற பாவனையும் ஒரு காரணமாக அங்குள்ள தோல் நோய் நிபுணர்களால் சுட்டிக்காட்டப்படுகிறது.

தேமலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதுகு முழுவதும் பரவிய தேமலுக்குச் சின்ன டியூப் எம்மாத்திரம்? 2 வீத கீட்டோகொனசோல் சாம்புவை உடம்பில் தேய்த்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுவதை ஐந்து நாள் செய்தாலே பெரும்பாலும் போதும். பங்கசு செத்த பின்னரும் வெளிறிய நிறம் மாறச் சில மாதங்கள் எடுக்கும் என்பதை யாரும் சொல்லாததால், மருந்து பிடிக்கவில்லை என்று எண்ணி மேலும் மேலும் வாங்குகிறார்கள். டெர்பினபின் குளிசை தேமலுக்கு உதவாது. அதைவிட முக்கியமான ஒன்று: வெளிறிய திட்டு எல்லாமே தேமல் அல்ல. கடியில்லாமல், செதில் உதிராமல், தொட்டால் உணர்ச்சி குறைந்த திட்டாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருப்பதைப் பழைய கதையாக நினைக்கிறோம். ஆனால் எங்கள் மாவட்டங்களில் இன்றும் புதிய நோயாளிகள் இனங்காணப்படுகிறார்கள். பஞ்சு முனையால் திட்டின் மேல் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு உணர முடிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் கிறீம் தேட வேண்டாம், கிளினிக்குக்குப் போக வேண்டும். அதற்கான கூட்டு மருந்து இலவசம்.

பிள்ளைகளின் தலையில் முடி உதிர்ந்து வட்டமாக வரும் படைக்கு எந்தக் கிறீமும் போதாது, ஏனெனில் அது முடியின் வேர் வரை போய்ச் சேராது. வைத்தியர் எழுதும் கிரைசியோபல்வின் குளிசையை ஆறு முதல் எட்டு வாரம் வரை, பாலோடோ முட்டையோடோ கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சுவறும். மொட்டை அடித்து எண்ணெய் பூசி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் தாய்மாரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நகத்துக்கும் அப்படியே குளிசைதான்: டெர்பினபின் கைநகத்துக்கு ஆறு வாரம், கால்நகத்துக்கு பன்னிரண்டு வாரம், அதுவும் ஈரல் பரிசோதனையோடு.

இனி வாய்க்கு வருகிறேன். கைக்குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளையாகத் தெரிவதை நம்மவர்கள் அக்கரம் என்பார்கள். இதற்கு முதல் மருந்து நிஸ்டட்டின் துளி. 1950ஆம் ஆண்டு எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டுபிடித்தது அது. அவர்கள் வேலை பார்த்த நியூயோர்க் மாநிலத்தின் பெயரே மருந்தின் பெயராயிற்று. குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவதில்லை என்பதால் வேறு மருந்துகளோடு மோதாத, பயமில்லாத மருந்து. ஆனால் பட்ட இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். பால் கொடுத்த பிறகு 1 மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு நான்கு தடவை வாயின் எல்லாப் பக்கமும் படும்படி விட வேண்டும். வெள்ளை மறைந்த பின் இன்னும் இரண்டு நாள் தொடர வேண்டும். பெரியவர்கள் மருந்தை மடக்கென்று விழுங்கிவிட்டு "பிடிக்கவில்லை" என்கிறார்கள். வாயில் வைத்துக் கொப்பளித்துச் சுழற்றி, பிறகுதான் விழுங்க வேண்டும். இதே நிஸ்டட்டினைப் படர்தாமரைக்குப் பூசினால் ஒரு பயனும் இல்லை, அந்தப் பங்கசை அது தொடுவதே இல்லை. கிரைசியோபல்வினோ நேர்மாறாகப் படர்தாமரைக்கு மட்டும் உதவும், அக்கரத்துக்கு உதவாது. "பங்கசு மருந்து" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மைக்கோனசோல் வாய் ஜெல் நிஸ்டட்டினைவிட நன்றாக வாயில் ஒட்டி நிற்கிறது, வேகமாகவும் குணப்படுத்துகிறது. ஆனால் அது வெறும் வாய் மருந்து என்று எண்ணக் கூடாது. என் சொந்த அக்காவுக்கு இதய வால்வு மாற்றப்பட்டு, பல வருடங்களாக இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை எடுத்து வந்தார். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் வாய்ப்புண்ணுக்கென்று யாரோ ஓரிடத்தில் இந்த ஜெல்லைக் கொடுத்திருக்கிறார்கள்; என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஏழாம் நாள் தலையணை உறையெல்லாம் பல் முரசிலிருந்து வடிந்த இரத்தம், கையிலும் முழங்காலிலும் அடிபடாமலே கன்றிய நீலத் தழும்புகள். வைத்தியசாலையில் பார்த்தபோது இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு, 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டியது, 9ஐத் தாண்டியிருந்தது. தெய்வாதீனமாகத் தலைக்குள் இரத்தம் கசியவில்லை. வார்பரினை உடைத்து வெளியேற்றும் ஈரலின் நொதியை மைக்கோனசோல் முடக்கிவிடுகிறது. விழுங்கிய ஜெல்லின் சிறு அளவே அதற்குப் போதும். தம்பி மருந்தாளராக இருந்தும் அக்காவுக்கு இப்படி நடந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத ஒன்று. நாலு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இந்த ஜெல் ஆகாது, கட்டியாகத் தொண்டையை அடைத்துவிடும் அபாயம் உண்டு.

புளுகொனசோல் குளிசையும் வாய்க்கு நல்ல மருந்துதான்; வாயில் நின்று பிடிக்காமல் தொண்டைக்கு இறங்கிய தொற்றுக்கு அதுவே வேண்டும். ஆனால் அதுவும் வார்பரினோடு மோதுவது மட்டுமல்லாமல், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசைகளின் வேகத்தைக் கூட்டி, சீனியைத் திடீரென இறக்கிவிடலாம். அக்கரம் அதிகமாக வருவதே சீனி வருத்தக்காரருக்கு என்பதால் இது எங்கள் பக்கத்தில் சும்மா ஒதுக்கித் தள்ளக்கூடிய விடயம் அல்ல. கர்ப்பிணிகளும் இதைத் தாங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. முன்பு தாராளமாக எழுதப்பட்ட கீட்டோகொனசோல் குளிசை ஈரலைக் கெடுப்பதால் 2013இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. சாம்பு வேறு, குளிசை வேறு.

மருந்துக்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈழைக்கு (ஆஸ்துமாவுக்கு) ஸ்டீரொயிட் பம்ப் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினாலே பாதி அக்கரம் வராது. கட்டுப்பல்லை இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நித்திரை கொள்பவருக்கு எந்த மருந்தும் நிலைக்காது. காரணமே தெரியாமல் இளம் வயதில் அக்கரம் வந்தால் சீனியையும் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். வெற்றிலை போடுபவர்களுக்கு இன்னொன்று: துணியால் துடைத்தால் கழன்று வருவது பெரும்பாலும் அக்கரம், துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு வேறு விடயம். இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். நிஸ்டட்டின் விட்டுக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்து, பிறகு கன்னம் கடினமாகி வந்த ஒரு மீனவரை என் வேலைக் காலத்தில் கண்டிருக்கிறேன்.

மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது, மருந்தை வியாபாரப் பெயரால் அல்லாமல் அதன் பொதுப் பெயரால் அறிய வேண்டும் என்பதே அடிப்படைக் கொள்கையாக இருந்தது. அரை நூற்றாண்டு கழித்தும், எங்கள் பாமசிகளில் நோயாளிக்குக் கிடைக்கும் சின்னக் கடதாசி உறையில் "காலை 1, இரவு 1" என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. கிறீமுக்கு அந்த உறைகூட இல்லை. பொதுப் பெயரும், எத்தனை நாள் என்பதும் தமிழில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும் என்று இரு மாவட்டங்களின் மருந்தாளர்களையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் நிற்கும் இடத்தில் இதைத் தொடங்கிவிட்டோம், ஓர் உறைக்கு அரை நிமிடம்கூடச் செல்வதில்லை.

கேள்வி அனுப்பிய அந்த வாசகருக்குத் தங்கள் அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுவீர்களானால், அவர் கையிலுள்ள டியூப்பின் சிறிய எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். குளோட்ரிமசோல் வேண்டிய மருந்து, குளோபெற்றசோல் வேண்டாத மருந்து. இரண்டும் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடிவதால் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். பீற்றாமெதசோன், டெக்ஸாமெதசோன் போன்று "மெதசோன்" என்று முடியும் பெயர் இருந்தாலும் அதே கதைதான். அப்படி இருந்து, அவர் பல வாரங்களாகப் பூசி வந்திருந்தால், நிறுத்தியதும் முதல் சில நாட்களில் சிவப்பும் கடியும் முன்பைவிடக் கூடும். அதைக் கண்டு பயந்து மறுபடி பூசாமல், அந்த டியூப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் நோய்க் கிளினிக்குக்குப் போகட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.